உச்சிமாகாளி போட்ட காப்பி

1

இந்தக் கதை ஒரு கடிதத்தில் தொடங்கியது. கேம்ப் போட்ட இடத்தில் நல்ல காப்பி போடுவது எப்படி என்று ஒரு பத்திரிகைக்காரர் ஒரு பக்கக் குறிப்பு கேட்டிருந்தார். உல்லாசப் பயணம் போகிறவர்களுக்குப் பயன்படுமாம். நாக்பூரில் இந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்: கூடாரத்துக்கு வெளியே காலைப் பனியில்

(அடித்துவிட்டேன். நான் கேம்ப்பில் இருந்த குருவிகுளத்துக் கரிசலில் ஆடி மாதம் பனி ஏது? மூஞ்சியில் மண்ணை வாரி அடிக்கிற காற்றுதான்.)

2

குறிப்பு இதுதான். காற்று வரும் பக்கம் மண்ணை மேடாக்கி, முழங்கை ஆழத்துக்கு அடுப்புக்குழி வெட்ட வேண்டும். தண்ணீர் கொதிக்கப் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திக் குச்சி, போதும். பாலுக்குக் கருவேலங்கட்டைக் கங்கு. பக்கத்துக் கிணற்றில் உப்புத் தண்ணீர், பால் திரிந்துவிடும். ஒன்றரை மைல் நடந்து நல்ல தண்ணீர் எடுத்துவர வேண்டும். கொதித்ததை இறக்கியபிறகே தூள். நனைத்த துணியில் வடிகட்ட வேண்டும், பிழியக் கூடாது.

வேண்டும் வேண்டும் என்கிறேனே, யார் நடந்தது?

உச்சிமாகாளி. 1978இல் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ரோடு அளந்த கேம்ப்பில் தினக்கூலியாகச் சேர்ந்தான். அளவுச் சங்கிலி பிடிக்க வந்தவன். வந்த வாரமே எல்லோருக்கும் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தான். அதுதான் அவன் செய்த தப்பு. ஆறு வருஷமாக அடுப்பை விட்டு எழுந்திருக்க விடவில்லை.

3

(இதைச் சாந்தமாக எழுதப் பார்த்தேன். மூன்று தாள் கிழிந்ததுதான் மிச்சம்.)

ஆறாவது வருஷம் ஆடியில் ஒரு நாள் பெரிய அதிகாரி வந்தார். நாலு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். நிரந்தரம் என்றால் மழைக்காலத்திலும் சம்பளம். பேர் கூப்பிட்டதும் வந்து சங்கிலி பிடித்துக் காட்ட வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் வராதவன் பேரை அடித்துவிடுவார்கள். ஜீப்பைவிட்டு இறங்கியதும் அதிகாரி கேட்டது காப்பி.

வரிசையில் நின்ற உச்சிமாகாளியின் தோளை ஓவர்சியர் காசிராஜன் தட்டினார்.

"ஏலே, நீ இங்கன நின்னா ஐயாவுக்குக் காப்பி யாரு போடுவா?"

"இன்னைக்கு ஒரு நாள் வேற ஆளப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் சங்கிலி பிடிக்க வந்தவன்."

"வேற ஆளு போட்டா மாடுகூட மோந்து பாக்காது. ஒம் பேர நான் பாத்துக்கிடுதேன், போ."

"ஆறு வருசமா நீங்கதான் பாத்துக்கிடுதிய. நல்லாத்தான் பாக்கிய."

"என்னலே, வாய் நீளுது?"

போனான். காற்று அடுப்புப் பக்கமிருந்து எங்களை நோக்கி அடித்தது. டிகாக்‌ஷன் வாசனை இங்கே வந்தது. இங்கே கூப்பிடுவது அங்கே போய்ச் சேராது.

4

முடிவு ஒன்று: கோபத்தில் பாலில் உப்புத் தண்ணீரை ஊற்றி (இல்லை. அவனுக்குக் கெட்ட காப்பி போட வராது. வந்திருந்தால் எப்போதோ பிழைத்திருப்பான்.)

முடிவு இரண்டு: ஒரு வாய் குடித்ததும் அதிகாரி மனம் இளகி (காப்பி குடித்து எந்த அதிகாரிக்கு மனம் இளகியது? இன்னொரு டம்ளர்தான் கேட்பார்.)

5

பேர்ப்பட்டியலை வாசித்தது கேம்ப் எழுத்தர். அதாவது நான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எழுந்து இருபது தப்படி நடந்தால் அடுப்பு. என் கையில் வரிசைக்குப் போகுமுன் அவன் போட்டுத் தந்த காப்பி, பாதி மிச்சம். எழுந்தால் ஆறிவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே "உச்சிமாகாளி" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் அப்படித்தான். அங்கே அவன் குனிந்து கங்கைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அதற்குமேல் நடந்ததை எழுத மாட்டேன். குறிப்பு கேட்டவரே, வாசிக்கிறவரே, பட்டியல் இப்போது உங்கள் கையில். மூன்றாவது தடவை நீங்கள் கூப்பிடுங்கள். உட்கார்ந்தபடி கூப்பிடாதீர்கள்.