முழிச்சுத்தான் இருக்கேன்

தோள்பட்டையில் ஆணி இறக்கினாற்போல் வலி. காலையில் எண்பது மூட்டை இறக்கி முடித்தபோதுதான் அவனுக்குச் செய்தி வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்துவிட்டாராம். இப்போது அந்தத் தோளாலேயே பெஞ்சை நகர்த்தி, அப்பாவின் கட்டிலருகே தங்கச்சி உட்கார இடம் பண்ணிக்கொண்டிருந்தான்.

அவள் பையைக்கூடக் கழற்றவில்லை. அறுவைசிகிச்சை மேல்படிப்பில் இரண்டாம் வருஷம். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தொலைவில்.

"சாப்பிட்டியா?"

"நேத்து சாப்பிட்டேன்ணா. ஏழு மணிக்குத் திரும்ப டூட்டி."

அப்பாவின் முகத்தைத் துணி மூடியிருந்தது. அவன் விலக்கப் போனான்.

"இருக்கட்டும்ணா. எடுக்கும்போது பாத்துக்கறேன். இப்பப் பாத்தா ஒடஞ்சிருவேன்."

அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் தாமாகவே நாடி பார்க்கும் இடத்தில் போய் நின்றன.

சித்தி வாயை அடக்கவில்லை. "டாக்டர் புள்ளைக்குக் கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல பாரு. தெனம் பொணத்தப் பாத்துப் பாத்து மரத்துப்போச்சு."

"நீ சும்மா இரு," என்றார் மாமா. நிறுத்தாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பேர். "ஏம்மா, இப்படிப் புழிஞ்செடுக்கறாங்களே, உங்களக் கவனிக்க அங்க ஆள் இல்லையா?"

"இருக்காங்க மாமா. மனசை லேசாக்கறதுக்கு வாரம் ஒரு வகுப்பு நடத்தறாங்க. ராத்திரி டூட்டி முடிச்சவங்களும் இருந்து கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகணும்."

"வகுப்புல என்ன சொல்வாங்க?"

"நல்லாத் தூங்கணும்னு சொல்வாங்க."

ரேடியோ மாமா சிரித்துவிட்டார். இழவு வீடு என்பது நினைவுக்கு வந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அரை மணி கழித்துப் பார்த்தபோது அவள் சுவரில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. சித்தி, மயக்கம் போட்டுட்டா, தண்ணி தெளிங்க என்று கத்தினாள். அவனுக்கு அது மயக்கமில்லை என்று தெரியும். குடோனில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறான். அப்பாவின் மணிக்கட்டிலிருந்து அவள் விரல்களைப் பிரித்து, அவளைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் கிடத்தினான். ஒரு மூட்டைக் கனம்கூட இல்லை.

மூன்று மணிக்கு வண்டி வந்தது.

"எழுப்புடா," என்றாள் அம்மா. "முகம் பாக்கணும்னுதானே அவ்வளவு தூரம் வந்தா."

அவன் உள்ளே போய்த் தோளைத் தொட்டான். "பாப்பா."

கண் திறக்காமலே அவள் சொன்னாள். "முழிச்சுத்தான் இருக்கேன் சார்."

குரலில் பயம் இருந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

குடோனில் மேஸ்திரியாக இருந்த காலத்தில், கண் சொருகினவனை அப்பா லாரிப் பலகையில் ஏறவிட்டதில்லை. கூலி போனாலும் போகட்டும், போய்ப் படுடா என்று விரட்டுவார். பலகையில் தவறினால் விழுகிறவன் ஒருத்தன். இவள் கையில் கத்தி. அதற்கடியில் வேறொருவன் வயிறு. எழுப்பினால் அப்பாவைப் பார்ப்பாள். அழுது முடித்து, இதே கண்ணோடு பஸ் ஏறிப் போய், ஏழு மணிக்கு நிற்பாள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

அவன் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தான். "எடுங்க."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். எழவேண்டிய ஒப்பாரி எழவில்லை. சித்தி வாயைத் திறந்தபோது அம்மா அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடித்து நாலரைக்குத் திரும்பியபோது தங்கச்சி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள்.

"எடுத்தாச்சா?"

"ம்."

"ஏன் எழுப்பல?"

"எழுப்பினேன்."

"என்ன சொன்னேன்?"

அவன் சொன்னான். அவள் வெகுநேரம் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்து நின்றான்.

"முகம் எப்படிண்ணா இருந்துச்சு?"

"சவரம் பண்ணாம இருந்துச்சு," என்றான்.

அம்மா தட்டில் சோறு கொண்டுவந்தாள். தங்கச்சி நின்றுகொண்டே நாலு வாய் தின்றாள்.

"ஞாயித்துக்கிழமை வாடி. வந்து தூங்கவாவது செய்."

"முடியாதும்மா. இன்னைக்கே லீவு குடுக்கலை. கூடப் படிக்கிறவ ஒருத்தி எனக்குப் பதிலா நிக்கிறா. அவளும் முந்தாநாள்லேர்ந்து தூங்கலை."

கையைக் கழுவிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தம்வரை அவன் கூடவே நடந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இந்த அரை நாளுக்கு அவள் அந்தத் தோழிக்குத் தரவேண்டியது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.