கர்த்தர் இருந்த இடம்

மணி இரண்டு நாற்பது. மூன்று மணிக்கு ஸ்டுடியோவை வேறொரு குழுவுக்கு விட்டாக வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கத்துக்குப் பாட்டு இல்லை.

"மெம்பிஸ் மாதிரி பாட்டுக்காரங்க ஊர்ல பொறந்துட்டுப் பாட்டு இல்லைங்கிறியே வெர்லின், வெளியில சொல்லிடாத" என்றார் ஹாலிஸ். ஸ்டுடியோ அவருடையது.

"சபையில அம்மா பாடுறதுதான் இருக்கு."

"அதையே பாடு. கர்த்தரை எடுத்துட்டுக் கண்ணேன்னு போடு. ஊரே அதைத்தான செய்யுது."

அது வெர்லினின் அம்மா ஒசெல்லாவின் பாட்டு. மர அறுவை ஆலையில் கணவன் செத்த வாரம், துணி துவைத்துக்கொண்டே கட்டியது. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்துக்கு முன், ஒசெல்லா வெள்ளை உடையில் எழுந்து நிற்பாள். வரியைத் தனியாகப் பாடுவாள். சபை அதைத் திருப்பிப் பாடும். கர்த்தரே, கையை விடாதே.

வெர்லின் கண்ணே என்று பாடினாள். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சாக்ஸபோன் குறும்பாகப் பதில் சொன்னது. இரண்டாம் முறையே சரியாக வந்துவிட்டது. ஹாலிஸ் ஒலிப்பதிவு விளக்கை அணைத்தார்.

இசைத்தட்டின் முதல் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. மறுபக்கம் முடிதிருத்தும் கடையில் ஓடியது, மீன் பொரிக்கும் கடையில் ஓடியது, வானொலியில் காலையிலேயே ஓடியது. கோடைக்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. வெர்லின் அதன் பின்னால் ஊர் ஊராகப் போனாள்.

ஜூலை முதல் ஞாயிறு ஒசெல்லா எழுந்து நின்று முதல் வரியைப் பாடினாள். சபை வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவன் வாயாலேயே சாக்ஸபோன் வாசித்தான். கிண்டல் செய்ய நினைத்ததல்ல, தானாக வந்துவிட்டது. பெண்கள் விசிறியால் முகத்தை மறைத்துச் சிரித்தார்கள். ஒசெல்லா உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் மேப்ரி வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், கொஞ்ச நாளைக்கு வேற பாட்டு பாடுங்களேன். இந்தச் சூடு ஆறட்டும்."

"உங்க வீட்டு வானொலிய மொதல்ல ஆறச் சொல்லுங்க பாஸ்டர்."

அவர் கையை விட்டார். அதன்பின் அவள் சபையில் பாடவில்லை. வெர்லினிடம் இதைப் பற்றிப் பேசவும் இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் மகளுக்குத் தெரிந்தது.

இசைத்தட்டு வந்த நான்காம் ஆண்டு, வெர்லினின் அண்ணன் டெல்மர் வியட்நாம் போரிலிருந்து மூடிய சவப்பெட்டியில் வந்தான். அடக்கத்துக்கு முந்தின நாள் வெர்லின் வந்து சேர்ந்தாள். ஒசெல்லா சமையலறையில் கறுப்பு உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்கு நீ பாடணும்."

"வாயத் தொறந்தா உன் சாக்ஸபோன்தான முந்திக்குது."

"அப்ப நான் பாடறேன். கர்த்தரேன்னே பாடறேன். பியானோ கூட வேணாம். சபை அதைப் பழையபடி கேக்கட்டும். உன் பாட்டு உன்கிட்ட வந்துரும்."

ஒசெல்லா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள்.

"மெதுவாப் பாடு" என்றாள்.

வெர்லின் மெதுவாகத்தான் பாடினாள். கர்த்தரே, கையை விடாதே. சபை தாழ்ந்த குரலில் திருப்பிப் பாடியது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது அடியில் ஒசெல்லாவின் உதடுகள் அசைந்தன. வெர்லின் அதைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குக் குரலை ஏற்றினாள். மேடைகளில் இரவுதோறும் கண்ணை மூடிக் குரலை ஏற்றும் வரி அது.

"கண்ணே, கையை விடாதே."

அவளுக்கே கேட்டது. பின்வரிசையில் கைதட்டு விழுந்தது, இசைத்தட்டில் விழும் அதே இடத்தில். யாரோ அதட்டினார்கள். கைதட்டு நின்றது. மீதியை வெர்லின் கர்த்தரே என்றே பாடி முடித்தாள். ஒசெல்லா சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் நிலவறையில் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் வெர்லினிடம் விசிறியை நீட்டினாள். அதில் சவ அடக்கக் கடையின் பெயர் அச்சடித்திருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து போடும்மா. எம்மவ கல்யாணத்துல உன் பாட்டுக்குத்தான் ஆடினா."

வெர்லின் போட்டுக் கொடுத்தாள். பிறகு அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தாள். ஒசெல்லாவின் தட்டில் கோழி அப்படியே இருந்தது.

"அம்மா, நான்..."

"வேணும்னு செய்யல. தெரியும்." ஒசெல்லா தட்டைத் தள்ளி வைத்தாள். "உங்கப்பன் போனப்ப அழறதுக்கு எனக்குன்னு அது ஒண்ணு இருந்துச்சு. எம்புள்ளைய நான் எதைப் பாடி அழுவேன், நீயே சொல்லு."