மூன்று வேளை மோயிங்கா

ரங்கூனில் குண்டு விழுந்து நாங்கள் மயிலாப்பூர் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் சமைத்த எதையும் என் மாமியார் ஜைதூன் பீ முகம் சுளிக்காமல் சாப்பிட்டதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் ஓரகத்தி ஷகீலாவுக்குப் பிள்ளை பிறந்து பதினைந்து நாளாகியும் பால் போதவில்லை. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பத்தியம் என்று மிளகு ரசமும் ஒரு பிடிச் சோறும் கொடுத்தால் பால் எங்கிருந்து வரும்?

மோயிங்கா செய்து தருகிறேன் என்றேன். மீனும் வாழைத்தண்டும் வேகவைத்து, கடலைமாவு கரைத்து விட்டு, வெங்காயம், இஞ்சி போட்டுக் கொதிக்க வைக்கும் சாறு. அதைச் சேமியா மேல் ஊற்றி அவித்த முட்டையை அரிந்து போட வேண்டும். ரங்கூனில் என் பிள்ளைகளை வளர்த்ததே அதுதான்.

"பர்மாக்காரன் கஞ்சி என் வூட்ல வேணாம்," என்றார் மாமி.

மீன் ஆகுமாம். வாழைத்தண்டு ஆகுமாம். முட்டையும் ஆகுமாம். எல்லாம் ஒரே சட்டியில் சேர்ந்தால் மட்டும் ஆகாதாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தெருமுனை டாக்டரிடம் போனேன்.

"டின் பால்மாவெல்லாம் யுத்தத்துல எங்கம்மா கிடைக்குது? நீங்க சொல்றதுல எல்லாச் சத்தும் இருக்கு," என்றவர், மருந்துச் சீட்டிலேயே 'மோயிங்கா, மூன்று வேளை' என்று எழுதிக் கொடுத்தார்.

சீட்டைப் பார்த்ததும் மாமி அடங்கிவிட்டார். மீன் வாங்க நொச்சிக்குப்பத்துக்கு அவரே ஆளனுப்பினார். நான் சமைத்து இறக்கியதும் சாற்றை வடிகட்டி, பழைய மருந்து பாட்டிலில் ஊற்றினார். அதில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதக் குறி ஒட்டியிருந்தது. ஷகீலாவுக்கு வேளைக்கு ஒரு குறி அளவுதான்.

"மருந்துச் சீட்ல எழுதிக்கீது. அளவு மீறக்கூடாது."

"அக்கா, பசிக்குது," என்றாள் ஷகீலா என்னிடம்.

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி டாக்டரிடம் ஓடினேன். 'கிண்ணம் நிறைய, சேமியா, முட்டையோடு' என்று எழுதி வாங்கி வந்தேன். அதன் பிறகுதான் ஷகீலா வயிறாரச் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் காலை பிள்ளை குடித்துக்கொண்டே தூங்கிப்போனது. கடைவாயில் பால் வழிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் வாழைத்தண்டு நறுக்க உட்கார்ந்தேன். மாமி வந்து அரிவாள்மணையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"பால்தான் நல்லா ஊறுதே. நோவு தீந்தப்புறம் மருந்து இன்னாத்துக்கு?"

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மூன்றாம் முறையாக டாக்டர் வீட்டுக்கு நடந்தேன்.