நாற்பத்தோராம் துண்டு

தம்பி பாடி நடித்த ராப் பாட்டின் வீடியோவை அவள் நூற்றுநான்கு துண்டுகளாகப் பிரித்து அட்டவணை போட்டிருந்தாள். ஊடகக் கோட்பாட்டில் முனைவர் பட்டம் வாங்க அவள் எழுதிய மூன்றாம் இயல், அந்த மூன்றரை நிமிடத்தை நம்பியே நின்றது. நாற்பத்தோராம் துண்டில், கறுப்புச் சொகுசுக் கார் ஒன்றின் மீது கால்மேல் கால் போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான் தம்பி. இங்கே செல்வம் உடைமையன்று, வேடம் என்பது அவள் வாதம். சான்றில்லாத வாதம் நெறியாளரிடம் எடுபடாது. ஆகவே அடிக்குறிப்பு எழுதினாள்: 'இந்தக் கார், பாடகர் வேலை பார்க்கும் வண்டி கழுவும் கடைக்கு வந்த வாடிக்கையாளருடையது. பாடகர் கூற்று, நேர்காணல், வீட்டுச் சமையலறை.'

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதைதான் நேர்காணல் ஆயிற்று.

கருத்தரங்கில் அந்தக் காட்சியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். அந்த இயலிலிருந்து எடுத்த கட்டுரையின் படிகளும், அடிக்குறிப்போடு, எல்லோர் கையிலும் இருந்தன. மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, நம்பர் பலகையைப் பார்த்தாள். அவளுடைய அப்பாவின் கார் அது.

மறுநாள் பகலிலேயே தம்பி வீடு திரும்பினான். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"வேலை போச்சுக்கா."

"நீ இல்லன்னு சொல்லியிருக்கலாமேடா."

"எப்படிச் சொல்றது? உன் கட்டுரையை முதலாளி மேசைமேல விரிச்சு வச்சிருந்தாரு. வாயத் திறக்க வழியில்ல."

"நான் உன்னைக் குறை சொல்லி எழுதலடா. உன்னை மாதிரிப் பசங்களை இந்தச் சமூகம்..."

"சமூகத்துக்கு எப்படிக்கா தெரியும், அது யார் வண்டின்னு? உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

அவள் கைப்பேசியை எடுத்தாள். நெறியாளரைப் போனில் அழைத்து, அந்தக் குறிப்பை நீக்கிவிடலாமா என்று கேட்டாள்.

"நீக்கிட்டா இயல்ல என்னம்மா மிஞ்சும்? மத்ததெல்லாம் ஊகம். நாளைக்குக் கடைசி நாள், ஞாபகம் இருக்கில்ல?"

பேசி முடித்துத் திரும்பினாள். தம்பி கைப்பேசியை அவள் பக்கம் நீட்டினான். வீடியோ இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பதினெட்டு மாதம் சேர்த்த பார்வையாளர்கள் ஒரே அழுத்தலில் போயிருந்தார்கள்.

"உன் லேப்டாப்ல இருக்கறதையும் அழிச்சிடு."

"அதை மட்டும் கேக்காதடா. தேர்வாளர்கள் பார்க்கணும்னு சொல்வாங்க."

அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி, உன் படிப்பாவது நிலைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஈரக் கால்சட்டையோடு அடுத்த அறைக்குப் போனான். எந்நேரமும் சுவருக்கு அப்பாலிருந்து அவன் வரிகளை முணுமுணுக்கும் சத்தம் கேட்கும். படிக்கவிடாமல் ஏன்டா உயிரை வாங்குகிறாய் என்று அவள் கத்துவாள்.

அன்று அவள் நிம்மதியாகப் படிக்கும்படி வீடு அமைதியாக இருந்தது. மாலையில் இயலை அனுப்பினாள். அடிக்குறிப்பில் ஓர் எழுத்தும் குறையவில்லை.