கெய்தர் வளர்த்த கட்சி

மிசிசிப்பியில் அந்த மாவட்டத்தில் குடியரசுக் கட்சி என்றாலே ஆம்புரோஸ் கெய்தர்தான். அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சி என்று அவருடைய அப்பா சேர்ந்தார். அவருக்குப் பின் இவர் தலைவர். தொழில், கறுப்பர்களின் இறுதிச் சடங்குகளை நடத்திக்கொடுப்பது. கட்சிக் கூட்டமும் அந்தச் சடங்குக் கூடத்தில்தான். வருகிற ஏழெட்டுப் பேரும் கறுப்பர்கள். வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் ஜனநாயகக் கட்சி.

தலைவர்தான், ஆனால் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியப் போனால் வெள்ளைக்காரப் பதிவாளர் பர்விஸ் அரசியல் சட்டத்தில் ஒரு பத்தியைக் காட்டி விளக்கச் சொல்வார். எப்படி விளக்கினாலும், "தேறலையே, ஆம்புரோஸ்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி கறுப்பர்களுக்கு உரிமை தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த கூட்டத்தன்று கெய்தரின் வாசலில் கார்கள் வரிசைகட்டி நின்றன. கூடம் கொள்ளாத வெள்ளைக்காரர்கள். நேற்றுவரை ஜனநாயகக் கட்சியில் இருந்த வக்கீல் பிரென்டிஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கெய்தருக்குத் தலைகால் புரியவில்லை.

"வெர்டெல், லெமனேடு இன்னும் கொஞ்சம் கலக்கு. கட்சி வளந்துடுச்சு!"

"வளந்துதான் இருக்கு," என்றாள் மனைவி. "வந்தவங்க மூஞ்சியப் பாத்தீங்களா? ஒருத்தராவது சிரிக்கிறாங்களா?"

கைகள் உயர்ந்தன. பிரென்டிஸ் தலைவரானார். "ரொம்ப நாள் சுமந்துட்டே, ஆம்புரோஸ். இனிமே நாங்க பாத்துக்கறோம்." அடுத்து, அந்தச் சட்டத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம். அதுவும் நிறைவேறியது.

கெய்தர் எழுந்தார். "கட்சிய எடுத்துக்குங்க, ஐயா. நாற்காலி என்னோடது. நாலு மணிக்கு ஒரு சாவு இருக்கு."

மீதிக் கூட்டம் வெயிலில் நின்றபடி நடந்தது. உள்ளே கெய்தர் நாலு மணிச் சடங்குக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்.

"நான் எங்கயும் போகலையே, வெர்டெல். இங்கயேதானே இருந்தேன்."

"அதான் உங்க தப்பு," என்றாள் அவள், அவர் தோளில் கைவைத்து.

மறு வருஷம் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசின் அதிகாரி எதையும் விளக்கச் சொல்லாமல் கெய்தரின் பெயரைப் பதிந்துகொண்டார். மாவட்டத் தேர்தலில் பிரென்டிஸுக்கு எதிராக ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றவர், சாட்சாத் பர்விஸ்! தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"மிஸ்டர் கெய்தர், பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

கெய்தர் வைத்துக்கொள்ளத்தான் செய்தார். ஆனாலும் வாழ்நாளின் முதல் ஓட்டை, பல்லைக் கடித்துக்கொண்டு, பர்விஸுக்கே போட்டார். கறுப்பர்களின் ஓட்டுதான் பர்விஸைக் கரையேற்றியது.

பதவிக் காலம் முடியுமுன் பர்விஸ் மறுபடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன், மிஸ்டர் கெய்தர். நான் கட்சி மாறறேன். நீங்க சந்தோஷப்படுவீங்க. உங்க பழைய கட்சிக்குத்தான்!"

கெய்தர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வெர்டெல் பதறிப்போய் ஓடிவந்தாள். எதற்கென்று தெரியாமலே பர்விஸும் கூடச் சேர்ந்து சிரித்தார்.