அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு சர்வர்

மாலை வகுப்பில் தகவல்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் சர்வர் எல்லோருக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது. என்னுடையதுதான் மக்கர் செய்தது. வீட்டில் சர்வரை நிறுவி அதில் ஒரு டேபிளாவது, அதாவது ஒரு அட்டவணையாவது, உருவாக்கிக் காட்டினால்தான் அடுத்த பாடம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இன்றும் முடியாவிட்டால் வகுப்பை விட்டுவிடுவதென்று முடிவு செய்து, அக்காவிடம் சொன்னேன்.

"விடறது ஈசி. முதல்ல உட்காரு," என்றாள்.

அக்கா வக்கீல்களுக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பவள். வீட்டிலிருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அவளுடையது. நான் அதைத் தொட்டாலே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பாள்.

பழைய சர்வரை நீக்கி, அது விட்டுப்போன ஃபோல்டரையும் அழித்து, மறுபடி நிறுவினேன். எல்லாத் திரையிலும் 'அடுத்து' என்பதை அழுத்தினால் போதும். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் மட்டும் நிதானமாக அடித்தேன். உறுதி செய்ய இன்னொரு முறை கேட்டது, அதையும் அடித்தேன். கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன. நிறுவியாயிற்று.

பிறகு சர்வரோடு இணையும் திரை. இணைப்புக்கு ஒரு பெயர் வைத்தேன். அதே பாஸ்வேர்டை அடித்தேன். தவறு என்றது. ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். தவறு. போன தடவையும் இதே கதைதான். என் விரல்களையே நம்ப முடியவில்லை.

அக்காவின் போன் அடித்தது. வக்கீலின் குமாஸ்தா.

"மனுவா? இங்க கரண்ட் இல்லைங்க. வந்ததும் முடிச்சுடறேன்." தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா பொய் சொல்றே?"

"நீ அழுதுட்டே எழுந்திரிச்சா அந்த நாற்காலியில நான் எப்படி உட்கார்றது? வேலையைப் பாரு."

குமாஸ்தா விடவில்லை, மறுபடி போன் செய்தார். ஒரே ஒரு வரி திருத்தம்தானாம். அக்கா என்னை இடுப்பால் நகர்த்திவிட்டு மனுவைத் திறந்து அடித்தாள். திரையில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று விழுந்தன.

"எத்தனை தடவைடி சொல்றது? கீபோர்டை மாத்தினா திரும்பத் தமிழுக்கு வெச்சுட்டுப் போன்னு."

"இப்பதான்க்கா இங்கிலீஷுக்கு மாத்தினேன். இணைப்புக்குப் பேர் வைக்கும்போது தமிழ் வந்துச்சு, அதான்..."

அப்படியானால் அதற்கு முன்னால்? நிறுவும்போது கீபோர்டு தமிழில்தான் இருந்திருக்கிறது. புள்ளிகளுக்கு அடியில் தமிழ் எழுத்துகள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி அடித்ததால் சர்வருக்குச் சந்தேகமே வரவில்லை.

"அக்கா, எழுந்திரு."

"வரியை முடிக்க விடுடி."

முடித்தாள். கீபோர்டைத் தமிழிலேயே விட்டு, அதே விசைகளை அடித்தேன். திறந்தது.

முதல் வேலையாகப் பாஸ்வேர்டை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். டேபிள் உருவாக்கும் கட்டளையை எழுதினேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போய் பிழை காட்டியது. காற்புள்ளியைப் போட்டேன். டேபிள் வந்தது.

"எப்படிச் சரியாச்சுன்னு சார் கேட்டா என்னக்கா சொல்றது?"

"தமிழ்ல கெஞ்சினேன், மனசு இறங்கிடுச்சுன்னு சொல்லு. கிளம்பு, கிளாஸுக்கு நேரமாகுது."

செருப்பை மாட்டும்போது இரண்டாவது டேபிளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.