குளிர்ந்த டிஸ்க்

கார் சாமான் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எந்த பிரேக் டிஸ்க் வேண்டுமென்று முடிவுகட்டிக்கொண்டுதான் வருவார்கள். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஊர்ந்துபோகிற காருக்கு ரேஸ் சாமான் கேட்பார்கள். கடைக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. விமானத்தையா நிறுத்தப் போறீங்க என்று கேட்டுவிட்டு, சாதா பிரேக் டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைப்பாள். ஊருக்கே அவள் டிஸ்க்கம்மா. யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி தெருவா, ரேஸ் டிராக்கா என்பதுதான்.

அன்று காலை வந்து நின்றது அண்ணன் மகள். புதிதாக வேலை கிடைத்து, பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். முன்சக்கர டிஸ்க் இரண்டும் தேய்ந்து விளிம்பில் வரப்பு கட்டியிருந்தது. டிஸ்க்கம்மா அதை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டாள்.

"டிராக் டிஸ்க்தான் அத்தை. அப்பா போட்டிருந்த அதே செட்."

நீ என்ன பந்தயத்துக்கா போகிறாய் என்று கேட்டதற்கு அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நான் அம்மா பொண்ணு. அவசரத்துக்குக் கை கால் ஓடாது. பிரேக்காவது நல்லதா இருக்கட்டும்."

டிஸ்க்கம்மா திரும்பி அலமாரியில் சாதா டிஸ்க் பெட்டியைத் தேடினாள்.

அண்ணி போய் நான்கு வருஷம் ஆகிறது. வீட்டிலிருந்து இறங்கும் சரிவின் அடியில், நின்றுகொண்டிருந்த லாரிக்குப் பின்னால் கார் போய்ச் சொருகிக்கொண்டது. பரிசோதித்தவர்கள் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மையும்கூட. அப்படியானால் ஓட்டியவள்மேல்தானே தப்பு? அவள் பதறிப்போய் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் போட்டான். செத்தவள் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறாள்?

அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிராக்கில் கார் ஓட்டியாக வேண்டும். இருந்தது ஒரே கார்; திங்கள் முதல் சனி வரை அது அண்ணியுடையது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கோடு வெட்டிய தடித்த டிஸ்க்கையும் அதை அழுத்திப் பிடிக்கிற டிராக் பிரேக் பேடுகளையும் மாட்டுவான். ஞாயிறு திரும்பியதும் கழற்றிவிட்டுத் தெரு செட்டை மாட்டுவான். ஒரு ஞாயிறு இடுப்பு வலி. தங்கைக்குப் போன் பண்ணி, நாளைக்கு ஒரு நாள் இப்படியே விடட்டுமா என்று கேட்டான்.

விடு என்றாள் டிஸ்க்கம்மா. அந்த வேகத்தையே நிறுத்துகிற பிரேக், அண்ணி போகிற வேகத்துக்குப் போதாதா என்று கேலி வேறு பண்ணினாள். வேகத்தையே நினைத்துப் பழகிய புத்திக்கு அது சரியாகத்தான் பட்டது. டிராக் செட் நன்றாகச் சூடேறின பிறகுதான் பிடிக்கும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு, அண்ணன் வீட்டுச் சரிவு ஞாபகம் வரவில்லை. இரவெல்லாம் மழை. ஈரத்தில் குளிர்ந்து கிடந்த டிஸ்க். மறுநாள் காலை அண்ணியின் முதல் பிரேக்கே அந்தச் சரிவில்தான்.

இப்போது சாதா டிஸ்க்கை எடுத்து வைத்து, தெருவுக்கு இதுதான் நல்லது என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதைத்தான் செய்யப் பார்த்தாள். அண்ணன் மகள் பெட்டியைத் தள்ளி வைத்தாள். அவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் அம்மாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை, இதை வைத்துக்கொண்டு நான் எப்படி நிறுத்துவேன் என்று கேட்டாள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கிறதாம். அதுவும் அம்மா கொடுத்த சீதனமாம்.

டிஸ்க்கம்மா எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உட்கார முடியவில்லை. போன் வந்ததையும், தான் சொன்ன பதிலையும், தன் கேலியையும், குளிர்ந்த டிராக் டிஸ்க் முதல் மிதியில் பிடிக்காது என்பதையும் நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணனை மட்டும் மாட்டிவிடுவதாக இருக்கக்கூடாது என்பதற்காக, விடு என்று சொன்ன வாய் என் வாய்தான் என்பதைத் திரும்பவும் சொன்னாள்.

அப்பாவுக்கும் இது தெரியுமா என்று கேட்டாள் அந்தப் பெண். தெரியும் என்றாள் டிஸ்க்கம்மா. அடிப்பாள், கத்துவாள், கதவை அறைந்து சாத்திக்கொண்டு போவாள் என்று எதிர்பார்த்தாள். எது செய்தாலும் தகும் என்றுதான் நின்றாள்.

"அப்போ அம்மா மிதிச்சாங்களா?"

"மிதிச்சாங்க. ஒர்க்‌ஷாப்ல வண்டிய நானே பார்த்தேன். பிரேக் பெடல் வளைஞ்சு போயிருந்தது. அவ்வளவு பலமா மிதிச்சிருக்காங்க."

அண்ணன் மகள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் சின்னக் குழந்தையினுடையதாகிவிட்டது.

"நாலு வருஷமா அவங்க போட்டோவப் பார்த்துத் திட்டிட்டிருக்கேன் அத்தை. எனக்காக ஒரு மிதி மிதிச்சிருக்கக் கூடாதான்னு."